அண்ணாமலைக்கு இன்னொரு தர்மம்

திருவண்ணாமலைக்குப் போகிறவர் கையில் காசில்லாமல் போகலாம். ஆனால் பசியோடு திரும்ப வேண்டியதில்லை. பௌர்ணமி இரவில் மலையைச் சுற்றி வரும் 14 கிலோ மீட்டர் பாதையில் நடந்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். அஷ்ட லிங்கங்களைத் தரிசித்துக்கொண்டே போகும் யாத்திரிகரை வழி நெடுகத் தர்மம் எதிர்கொண்டு அழைக்கிறது. ஓரிடத்தில் சாம்பார் சாதம், மற்றோரிடத்தில் தயிர் சாதம், இன்னோரிடத்தில் சுண்டல், அதற்கப்பால் நீர்மோர். கோயிலிலும் ஆசிரமங்களிலும் மடங்களிலும் அன்றாடம் இலை போடுகிறார்கள். கார்த்திகைத் தீபத் திருநாளிலோ, அன்னதானம் செய்ய விரும்புகிறவர்கள் அதிகாரிகளிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டியிருக்கிறது. வாங்க வருகிற கூட்டத்தைப் போலவே கொடுக்க வருகிற கூட்டமும் அங்கே பெரிது!

இந்த அன்னதானத்தைக் குறைத்துப் பேசுவது நம்முடைய நோக்கமன்று. பசிப் பிணிக்கு மருந்தாவதைக் காட்டிலும் உயர்ந்த தர்மம் உண்டென்று வாதிடுவதும் நம் வேலையன்று. ஆயினும் ஒரு கேள்வி கேட்கலாம். அந்த மாவட்டத்தில் ஏதோ ஒரு சிற்றூரில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பில் தேறியிருக்கிறாள். தகப்பனார் இல்லை. தாயார் செங்கல் சூளைக்குப் போய்விட்டாள். பாட்டியோ, "போதும் படிப்பு, ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்து விட்டால் என் பாரம் தீரும்" என்கிறாள். இந்தப் பெண்ணுக்குத் தயிர் சாதப் பொட்டலம் என்ன செய்யும்? அவளுக்கு வேண்டியது ஒரு வேளைச் சோறன்று. ராத்திரி விளக்கெரியும் ஓர் அறை, உள்ளே தாழிட்டுக்கொள்ள ஒரு கதவு, விழுந்தால் தூக்கி விட ஒரு மூத்த ஸ்திரீ, படிப்பு முடியும் வரையில் "போ" என்று சொல்லாத ஒரு கூரை. இவற்றையும் தர்மக் கணக்கில் சேர்த்துக்கொள்ள அண்ணாமலையின் பக்தர்கள் முன்வர வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் விண்ணப்பம்.

வடக்குக் கோபுரம்

இந்த விண்ணப்பத்துக்குச் சாட்சி சொல்ல வெளியூரிலிருந்து யாரையும் அழைத்து வர வேண்டியதில்லை. அருணாசலேசுவரர் ஆலயத்தின் வடக்குக் கோபுரமே போதும். கிழக்கே 217 அடி உயர்ந்து நிற்கும் ராஜகோபுரம் விஜயநகர மன்னர் கிருஷ்ண தேவராயர் காலத்தில் தொடங்கித் தஞ்சை நாயக்கர் காலத்தில் முடிந்தது. மன்னர்கள் கோபுரம் எழுப்புவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் 171 அடி உயரமுள்ள வடக்குக் கோபுரத்துக்கு எந்த ராஜாவின் பெயரும் இல்லை. அதற்கு அம்மணி அம்மன் கோபுரம் என்று பெயர்.

அம்மணி அம்மாள் செங்கத்தை அடுத்த சென்னசமுத்திரத்தில் பிறந்தவர். அரைகுறையாக நின்றுபோயிருந்த கோபுரத்தைக் கட்டி முடிக்க அவர் வீடு வீடாகப் போய்க் காசு சேர்த்தார். மைசூர் அரண்மனை வரையில் சென்று பொருள் பெற்று வந்தார் என்றும், கூலி கொடுக்கப் பணம் இல்லாத நாளில் அவர் அள்ளிக் கொடுத்த விபூதியே வேலையாட்களின் கையில் கூலிப் பணமாக மாறிற்று என்றும் ஊரார் கதை சொல்கிறார்கள். விபூதி பணமான கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் மனத்தைப் பொறுத்தது. நாம் கவனிக்க வேண்டிய பகுதி கதையின் ஆரம்பத்தில் இருக்கிறது. பெற்றோர் நிச்சயித்த கலியாணம் வேண்டாமென்று வீட்டை விட்டு ஓடியவர் அவர் என்பதே அது. அந்தப் பெண்ணைப் பிடித்து மணையில் உட்கார வைத்திருந்தால் வடக்குக் கோபுரம் என்னவாகியிருக்கும்?

அண்ணாமலையின் அன்னதானப் பெருமையிலும் இப்படி ஒரு ஸ்திரீயின் பங்கு இருக்கிறது. போளூர்ப் பக்கத்து மண்டகொளத்தூரைச் சேர்ந்த எச்சம்மாள், கணவனையும் குழந்தைகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்து விட்டுத் திருவண்ணாமலைக்கு வந்தவர். 1945-ஆம் ஆண்டில் தாம் காலமாகும் வரையில், சுமார் 38 வருஷ காலம், ரமண மகரிஷிக்கு நாள்தோறும் அன்னம் சமைத்து எடுத்துச் சென்றார். ரமணாசிரமத்தின் சமையற்கட்டிலும் பல ஆண்டுகள் விதவைகளே அடுப்பை மூட்டினார்கள். அவர்களுடைய பக்தி பெரிது. ஆனால் அந்தப் பக்திக்குப் பின்னால் மற்றோர் உண்மையும் உண்டு. கணவனை இழந்த ஸ்திரீக்கு அந்நாளில் மரியாதையாக வாழத் தேசத்தில் இருந்த இடங்கள் மிகச் சில. தெய்வத்தின் சந்நிதி அவற்றில் ஒன்று. மனம் அங்கே செல்லாத ஒரு பால்ய விதவை எங்கே போவாள்?

ஐஸ் ஹவுஸில் ஒரு வீடு

இந்தக் கேள்வியை முதலில் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டு, அதற்குச் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் விடை சொன்னவர் சகோதரி சுப்புலட்சுமி. அவர் 1886-ஆம் வருஷம் ஆகஸ்டு 18-ஆம் தேதி பிறந்தார். அறியாப் பருவத்தில் விவாகம், அதே பருவத்தில் வைதவ்யம். ஆனால் தகப்பனார் சுப்பிரமணிய ஐயர் பெண்ணை மூலையில் உட்கார வைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார். 1911-ல் சுப்புலட்சுமி சென்னை ராஜதானிக் கல்லூரியில் பி. ஏ. தேறினார். மறு வருஷமே எழும்பூரில் விரல் விட்டு எண்ணக் கூடிய சில பால்ய விதவைகளைச் சேர்த்துக்கொண்டு ஓர் இல்லத்தைத் தொடங்கினார்.

அந்த இல்லம் வளர்ந்து திருவல்லிக்கேணிக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸுக்குக் குடி புகுந்தது. விசித்திரமான கட்டடம் அது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்திலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காக 1842-ல் கட்டப்பட்டது. 1897-ல் விவேகானந்த சுவாமிகள் அங்கே தங்கினார். துரைமார்களின் பானங்களைக் குளிர்வித்து வந்த அந்தக் கட்டடத்தில், வெந்து போன இளம் உள்ளங்கள் பல பின்னர் குளிர்ந்தன.

சுப்புலட்சுமி செய்த காரியத்தின் சூட்சுமம் என்ன என்பதைத் தர்மம் செய்கிற ஒவ்வொருவரும் அறிய வேண்டும். பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வைக்கச் சர்க்கார் தயாராயிருந்தது. ஆனால் பெண் உபாத்தியாயினிகள் கிடைக்கவில்லை. விவாகமான பெண்களை எந்தக் குடும்பமும் வேலைக்கு அனுப்பவில்லை. மறு பக்கத்திலோ, ஆயிரக் கணக்கான பால்ய விதவைகள் வீட்டுக்குப் பாரமென்று ஏச்சுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த இரண்டு குறைகளையும் அவர் ஒன்றோடொன்று சேர்த்து வைத்தார், இரண்டும் தீர்ந்தன. விதவைக்குச் சோறு போட்டு அவளை இன்னொரு வீட்டின் பாரமாக்கவில்லை. படிக்க வைத்து, உத்தியோகம் பெறச் செய்து, தன் வீட்டுக்கே அவள் சோறு போடும்படி செய்தார். 1922-ல் ஆரம்பித்த லேடி வெல்லிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கு அவரே தலைவியாக இருந்து எத்தனையோ ஆசிரியைகளை உருவாக்கினார். 1956-ல் மயிலாப்பூர் வித்யா மந்திரை நிறுவியவர்களிலும் அவர் ஒருவர். 1969-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் காலமானார்.

ஆனால் அந்த இல்லத்துக்கு ஒரு வாசற்படி இருந்தது. அங்கே வந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் பிராமணக் குடும்பத்துச் சிறுமிகள். அந்தக் குடும்பங்களின் ஆசாரத்துக்குப் பங்கம் வரும் என்றால் ஒருவரும் பெண்ணை அனுப்பியிருக்க மாட்டார்கள் என்பது மெய்யே. அந்நாளில் பிராமணரல்லாத பெண்களுக்கும் தனி விடுதிகள் இருந்தன. அவற்றுக்கும் அவற்றின் வாசற்படிகள் இருந்தன. எந்த வாசற்படியிலும் ஏற முடியாத பெண்களும் இருந்தார்கள்.

"உன் தாயார் யார்?"

சுப்புலட்சுமிக்குப் பத்தொன்பது நாள் முன்னதாக, 1886 ஜூலை 30-ஆம் தேதி, புதுக்கோட்டையில் மற்றொரு குழந்தை பிறந்தது. அதுவே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தகப்பனார் நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் இந்தப் பெண் சேர விண்ணப்பித்தபோது, "ஆண் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் ஒரு பெண்ணா? அதிலும் இன்னாருடைய பெண்ணா?" என்று ஆட்சேபங்கள் கிளம்பின. மகாராஜா மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அவற்றைப் பொருட்படுத்தாமல் இடம் கொடுத்தார். 1912-ல் அந்தப் பெண் சென்னையில் வைத்தியப் பட்டம் பெற்றார்.

பின்னர் சென்னைச் சட்ட சபையின் நியமன அங்கத்தினராகவும், அதன் உப தலைவராகவும் ஆன முத்துலட்சுமி, கோயில்களில் பெண்களைப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை நிறுத்த வேண்டுமென்று 1927-ஆம் வருஷம் பிரேரணை கொண்டு வந்தார். தேச பக்தர்களிலேயே ஒரு சாரார் அதை எதிர்த்தார்கள் என்பதை மறைப்பதில் பயனில்லை. வாக்கு வன்மையில் இணையற்ற ஸ்ரீ சத்தியமூர்த்தியும் எதிர்த்தவர்களில் ஒருவர். காந்தியடிகள் ஆதரித்தார், சுயமரியாதை இயக்கத்தாரும் ஆதரித்தார்கள். அந்த மரபிலேயே பிறந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1936-ல் அதை வைத்து ஒரு நாவலும் எழுதினார். தாசிகளின் மானிய நிலங்களை ஊழியக் கட்டிலிருந்து விடுவித்து, அவற்றை அவர்களுக்கே உரிமையாக்கும் சட்டம் 1929-ல் வந்தது. பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் சட்டமோ, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதன் மந்திரியாயிருந்த 1947-ல்தான் நிறைவேறியது.

சட்டத்தின் கதை இது. இதற்கிடையில் நடந்த சின்ன விஷயம் ஒன்று சட்டத்தைக் காட்டிலும் நமக்கு அதிகம் கற்பிக்கிறது. பொட்டுக் கட்டிக்கொள்ள விருப்பமில்லாத சில சிறுமியர் 1930-ஆம் ஆண்டை ஒட்டி முத்துலட்சுமியின் வீட்டைத் தேடி வந்தார்கள். அவர்களைத் தங்க வைக்கப் பட்டணத்து விடுதிகளில் அவர் இடம் தேடினார். பெண்களுக்கென்றே ஏற்பட்ட விடுதிகள்தாம். ஆனால், "இந்தப் பெண்ணின் தாயார் யார்?" என்ற கேள்விக்கு விடை தெரிந்தவுடன் கதவுகள் சாத்திக்கொண்டன. சபையில் நீளமாகப் பேசி என்ன? "தொழிலை விட்டு வா" என்று பிரசங்கம் செய்தோம். விட்டு விட்டு வந்தவள் ராத்திரி எங்கே படுப்பாள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. முத்துலட்சுமி அவர்களைத் தம்முடைய வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படிப் பிறந்தது ஔவை இல்லம். பிற்பாடு அடையாற்றில் நிலையாக அமர்ந்து, பள்ளிக்கூடமும் தொழிற் பயிற்சியுமாக விரிந்தது. எந்த ஜாதியானாலும், தகப்பன் பெயர் தெரியாத குழந்தையானாலும் அங்கே வாசற்படியில் விசாரணை இல்லை.

இதே கதையை நம்முடைய பழைய காவியம் ஒன்றும் சொல்லியிருக்கிறது. மணிமேகலை மாதவியின் மகள். குலத் தொழிலை ஏற்க மறுத்தவள். அவள் கையில் அமுதசுரபி வந்த பிறகு பசித்தவர்க்கெல்லாம் சோறிட்டாள் என்பது எல்லாரும் அறிந்த கதை. ஆனால் அவள் அதோடு நிற்கவில்லை. மன்னனிடம் கேட்டுச் சிறைக்கூடத்தையே அறக்கூடமாக மாற்றினாள். சோறிட்ட கையே கூரையும் கேட்டு வாங்கியது என்பதை நாம் ஏனோ மறந்து விட்டோம்.

நந்தனார் பெயரால்

கூரையில்லாதவர்கள் பெண்கள் மட்டும் அல்லர். திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில், ஆதி திராவிடக் குடும்பமொன்றில், 1890-ஆம் வருஷம் பிறந்தவர் சுவாமி சகஜானந்தர். துறவு பூண்டு அவர் போய்ச் சேர்ந்த இடம் சிதம்பரம். நந்தனார் சந்நிதிக்கு வெளியே காத்து நின்ற க்ஷேத்திரம் என்று நாம் பாடிப் பரவசப்படுகிற அதே சிதம்பரம்! அங்கே 1916-ல் நந்தனார் பெயரால் ஒரு பள்ளிக்கூடத்தை அவர் ஆரம்பித்தார். கிராமத்தில் சேரிப் பிள்ளைக்குப் படிக்க இடமில்லை. பட்டணத்திலோ தங்க இடமில்லை. ஆகவே பள்ளியோடு விடுதியையும் சேர்த்தே நடத்தினார். பெண் குழந்தைகளுக்கும் பள்ளி ஏற்பட்டது. பள்ளிகளைப் பின்னர் சர்க்கார் ஏற்றுக்கொண்டது. சுவாமிகள் நெடுங்காலம் சட்ட சபையிலும் அங்கம் வகித்து 1959-ல் மறைந்தார்.

ஒரு விதவை, ஒரு வைத்தியர், ஒரு துறவி: மூவரும் வெவ்வேறு வழியில் வந்தவர்கள். ஆனால் மூவரும் கண்ட உண்மை ஒன்றே. பள்ளிக்கூடம் பகலுக்கு மட்டுந்தான். குழந்தையின் தலைவிதியை நிர்ணயிப்பது பெரும்பாலும் ராத்திரி அது எங்கே உறங்குகிறது என்பதே.

சட்டம் இருக்கிறது, பிறகு?

அந்தக் காலத்துக் கதை இது, இப்போதுதான் எல்லாம் மாறிவிட்டதே என்று சிலர் நினைக்கலாம். மாறியது நிறைய. 1929-ஆம் வருஷத்துச் சாரதா சட்டம் பெண்ணின் விவாக வயதை 14 என்றது; 2006-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறையுமுன் நடப்பது குழந்தைத் திருமணம். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989-ல் தமிழ்நாடு சர்க்கார் ஏழைப் பெண்களின் கலியாணத்துக்கு உதவித் தொகை கொடுக்க ஆரம்பித்தது. பின்னால் தாலிக்குத் தங்கமும் கொடுத்தது. 2022-ல் அந்தத் திட்டமே உயர் கல்விக்கு உதவும் திட்டமாக உருமாறிற்று. சர்க்கார் பள்ளியில் 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்த பெண், கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் பெறும் 'புதுமைப் பெண்' திட்டம் அந்த ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி தொடங்கிற்று. தாலிக்கு என்று வைத்த பொருள் புத்தகத்துக்குப் போயிற்று. ராமாமிர்தம் அம்மையார் இருந்திருந்தால் இந்த மாறுதலைக் கண்டு புன்னகை பூத்திருப்பார். 2024-ல் பிள்ளைகளுக்கும் 'தமிழ்ப் புதல்வன்' என்ற பெயரால் அதே உதவி வந்தது.

எனினும் மாறாதது எது என்பதையும் பார்க்க வேண்டும். திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டுப் பக்கத்தில் தென்முடியனூர் என்று ஒரு கிராமம். அங்கே இந்து சமய அறநிலையத் துறையைச் சேர்ந்த முத்துமாரியம்மன் கோயிலுக்குள் சுமார் 80 ஆண்டுகளாக ஆதி திராவிட மக்கள் போக முடியவில்லை. 1939-ல் மதுரை மீனாட்சி சந்நிதியில் வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்ற கூட்டம் புகுந்தது. 1947-ல் ஆலயப் பிரவேசச் சட்டமும் வந்தது. தென்முடியனூரில் கதவு திறந்தது 2023-ஆம் வருஷம் ஜனவரி 30-ஆம் தேதி. காந்தி மகான் உயிர் நீத்த நாள் அது. கலெக்டரும் போலீஸ் அதிகாரிகளும் உடன் வந்து நிற்க, பொங்கல் பானையும் மாலையுமாக ஜனங்கள் உள்ளே போனார்கள். சட்டத்துக்கும் சந்நிதிக்கும் இடையில் 76 வருஷம்! வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலும் இப்படிப்பட்ட தூரங்கள் உண்டு. அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. படம் பிடிக்க யாரும் வருவதுமில்லை.

மாவட்டத்தின் மேற்கே ஜவ்வாது மலை இருக்கிறது. அங்கே மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய குழந்தைகளுக்கென்று சர்க்கார் உண்டு உறைவிடப் பள்ளிகளை நடத்துகிறது. ஏனென்றால் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களிலிருந்து ஒரு பெண் தினந்தோறும் மலையேறி இறங்கிப் படிப்பது நடக்கக் கூடிய காரியமன்று. விடுதி இருந்தால் படிப்பு உண்டு. விடுதி இல்லையேல் இல்லை. இத்தனை நேரான கணக்கு அது.

இன்றைய நாளில், "நீ யார்?" என்ற கேள்வி கேட்டுக் கதவு சாத்தப்படுகிறவர்களில் திருநங்கையரும் உண்டு. வீட்டாரால் துரத்தப்பட்ட அந்த இளம் பிராயத்தினர் வாடகைக்கு அறை தேடும்போது கேட்கும் வார்த்தைகள், 1930-ல் முத்துலட்சுமி விடுதி வாசல்களில் கேட்ட வார்த்தைகளிலிருந்து அதிகம் வேறுபட்டவை அல்ல. அவர்களுக்கென்று நல வாரியத்தை இந்தியாவிலேயே முதலில் அமைத்தது தமிழ்நாடு, அது 2008-ல். 2014-ல் சுப்ரீம் கோர்ட்டும் அவர்களுடைய உரிமையை உறுதி செய்தது. வாரியமும் தீர்ப்பும் இருக்கின்றன; ராத்திரி தங்க இடந்தான் பலருக்கு இல்லை.

கொடுப்பவர்கள் கவனத்துக்கு

"அப்படியானால் நாம் என்ன செய்யலாம்?" என்று தர்ம சிந்தையுள்ள வாசகர் கேட்பார். சில வார்த்தைகள் சொல்லலாம்.

முதலாவது, ஒரு நாள் தர்மத்தை ஒரு வருஷ தர்மமாக்குவது. அநாதை இல்லங்களுக்குப் பிறந்த நாளன்று இனிப்போடு சாப்பாடு போடுவது நம் குடும்பங்களில் வழக்கமாகியிருக்கிறது. நல்ல வழக்கம்தான். ஆனால் இல்லம் நடத்துகிறவர்களைத் தனியாக அழைத்துக் கேட்டால் வேறு சொல்வார்கள். பாயசம் கொண்டு வருகிறவர் உண்டு. மேற்பார்வை செய்யும் அம்மாளுக்குச் சம்பளம் கொடுக்கிறவர் இல்லை. ராத்திரிக் காவற்காரர், கழிப்பறை பழுது, பரீட்சைக் கட்டணம், மாதந்தோறும் பெண்களுக்கு வேண்டிய துணி—இவற்றுக்குக் கல்வெட்டில் பெயர் பொறிப்பாரில்லை. இவையே கூரையின் தூண்கள். ஏழெட்டு வருஷம் ஒரு குழந்தை தங்கிப் படித்தால்தான் பலன். நடுவில் நின்று போகிற உதவி பாதி ஆற்றில் கவிழ்ந்த ஓடம். உதவி பெறும் குழந்தைகளை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொள்வதையும் விட்டு விடலாம். தர்மத்துக்கு ரசீது போதும்.

இரண்டாவது, பார்த்துக் கொடுப்பது. 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின்படி குழந்தைகளைப் பராமரிக்கும் இல்லம் ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பட வேண்டும். 2014-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கு உரிமம் வேண்டும் என்கிறது. காவி கட்டியவர் நடத்துகிறார், கருணையாகப் பேசுகிறார் என்பது மட்டும் போதாது. பதிவுப் பத்திரம் எங்கே, இரவில் யார் இருக்கிறார்கள், குழந்தை குறை சொல்ல வேண்டுமானால் யாரிடம் சொல்லும் என்று கேட்பது அவமரியாதையன்று, கொடுப்பவருடைய கடமை. நல்ல ஸ்தாபனம் இந்தக் கேள்விகளை வரவேற்கும்.

மூன்றாவது, வீடு இருக்கிற குழந்தையை விடுதிக்கு இழுக்காமல் இருப்பது. வறுமை ஒன்றையே காரணமாகக் கொண்டு தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பது தர்மமாகாது. தாய் இருக்கிறாள், கூலி போதவில்லை என்றால், உதவி தாய்க்குப் போகட்டும். மத்திய சர்க்காரின் வாத்சல்யத் திட்டத்தில் இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு மாதம் 4,000 ரூபாய் வரையில் கொடுக்க ஏற்பாடு உண்டு. விண்ணப்பம் எழுதத் தெரியாத பாட்டிக்கு ஒரு காகிதம் எழுதிக் கொடுப்பதும் அன்னதானத்துக்குக் குறைந்ததன்று. பக்கத்து வீட்டில் பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் பந்தல் போடுவதைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்குத் தெரிவிப்பதும் அவ்வாறே. ஆனால் தெரிவித்தவர் அதோடு வேலை முடிந்ததென்று போய்விடக் கூடாது. கலியாணம் நின்ற மறு நாள் அந்தப் பெண் ஊர் வாயில் விழுந்து தனியாக நிற்பாள். அன்றுதான் அவளுக்குக் கூரை வேண்டும்; அன்றுதான் பள்ளிக்கூடத்தின் கதவு திறந்திருக்க வேண்டும்.

நான்காவது, வாசற்படி. சத்திரம் கட்டிய நம்முடைய முன்னோர்களில் பலர், "இன்ன வகுப்பாருக்கு" என்று பலகையும் மாட்டி வைத்தார்கள். அவர்கள் காலம் அது. இனிமேல் கட்டுகிறவர்கள் அந்தப் பலகைக்கு ஆணி அடிக்க வேண்டாம். பெண்ணுக்கென்று விடுதி கட்டினால் போதாது. எந்தப் பெண்ணுக்கும் என்று கட்ட வேண்டும். விதவையின் துயரம் அறிந்து கட்டிய கூரையிலும் தாசி மகளுக்கு இடம் இல்லாமற் போனதை முன்னே கண்டோம். தர்மம் எங்கே குறைப்பட்டது? கருணை குறைந்ததனால் அன்று. கதவண்டை கேட்ட கேள்வியினால்.

ஐந்தாவதாக, ஆண் பிள்ளைகளை மறக்க வேண்டாம். பெண் படிக்க வேண்டுமென்று விரும்புகிற தம்பியும், தங்கைக்குப் பதிலாகத் தானே குடம் எடுத்துப் போகிற அண்ணனும் தானாக முளைப்பதில்லை. சமையலும் பெருக்கலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிற விடுதி ஒன்றில் நாலு வருஷம் வளர்ந்த பையன், நாளை தன் வீட்டில் அதையே செய்வான். சமத்துவத்தைப் பற்றி மேடையில் பேசுவதைக் காட்டிலும் இது சிக்கனமான பிரசாரம்.

திருவண்ணாமலைக்கு இதெல்லாம் புதிய தர்மமன்று. கலியாணம் வேண்டாமென்று ஓடி வந்த ஒரு பெண்ணுக்கு அந்த மலையடிவாரம் இடம் கொடுத்தது. அவள் அதற்கு ஒரு கோபுரத்தைத் திருப்பிக் கொடுத்தாள். இன்றைக்கு அந்த மாவட்டத்தின் சிற்றூர்களில் எத்தனையோ அம்மணி அம்மாள்கள் இருக்கிறார்கள். ஒருத்தி வைத்தியம் படிக்க ஆசைப்படலாம். ஒருத்தி பள்ளிக்கூடத்து ஆசிரியை ஆகலாம். ஒருத்திக்கு ஒன்றுமே ஆக வேண்டாம், பயமில்லாமல் பதினெட்டு வயது நிரம்பினாலே போதும். அவர்கள் கேட்பது கோபுரம் எழுப்பும் பொருளையன்று. வரும் கார்த்திகைக்கு ஆயிரம் பொட்டலம் கொடுக்க எண்ணியிருப்பவர் ஐந்நூறு பொட்டலம் கொடுக்கட்டும். மிச்சப் பணத்தில் ஒரு பெண்ணின் விடுதிச் செலவை வருஷம் முழுவதும் ஏற்றுக்கொள்ளட்டும். மலை மேல் ஏற்றும் தீபம் பல மைல் தூரம் தெரிகிறது. விடுதி அறையில் எரியும் விளக்கு அவ்வளவு தூரம் தெரியாது; ஆனால் அதன் வெளிச்சத்தில் ஒரு குழந்தை படித்துக்கொண்டிருக்கும்.